மூடி திறக்க ஓர் ஆள்

அந்தக் குடியிருப்பில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. லிஃப்ட்காரர் என்றால் நண்டு சிண்டுகளுக்குக்கூடத் தெரியும். உடம்பில் தெம்பு இருந்த காலம் முழுக்க ஊரிலிருக்கிற உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளோடு மல்லுக்கட்டியவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு உள்ளே அலறுகிறவர்களைக் கதவிடுக்கு வழியாகப் பேசிப் பேசியே பாதி காப்பாற்றிவிடுவார். "ஒண்ணும் ஆகாது, நான்தான் வந்துட்டேன்ல" என்று அவர் சொல்கிற தோரணையில் அழுதவர்கள் சிரித்ததும் உண்டு.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. முதல் திருகாணியைத் தொடும் முன்பே, வேண்டியதெல்லாம் தரையில் விரித்த துணியில் வரிசையாக இருக்க வேண்டும். கழற்ற வேண்டிய நட்டுகளை எல்லாம் முன்கூட்டியே லேசாகத் தளர்த்தி வைத்துவிடுவார். வேலை தொடங்கிவிட்டால் நடுவில் எதையும் தேடக்கூடாது, எதற்கும் நிற்கக்கூடாது. கூட வேலை செய்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள். ஆனால் அவர் கைவைத்த லிஃப்ட் மறுபடி நின்றதில்லை என்பதால் கேலி கொஞ்சம் அடங்கித்தான் வரும்.

வீட்டில் இதற்கு நேரெதிர். கூடத்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார் என்றால் ஆளை அசைக்க முடியாது. மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டால் "வரேன், வரேன்" என்பார். குரல் மட்டும்தான் போகும். மறுபடி கூப்பிட்டால், "அங்க யாரும் உள்ள மாட்டிக்கிட்டு இல்லையே? வரேன் இரு" என்பார்.

"நான் மாட்டிக்கிட்டு இருக்கேன்ல, உங்ககிட்ட" என்று அங்கிருந்து பதில் வரும். சண்டையில்லை. அந்த வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்கிற விதமே அப்படித்தான்.

மகளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த காலத்தில், லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது கால் இடறிப் பின்மண்டை அடிபட விழுந்தார். தையல் போட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று எல்லோரும் பெருமூச்சு விட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். மனைவி காபி கலந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன இது, வெறும் வெந்நீர்ல சர்க்கரை போட்டு எடுத்துட்டு வந்திருக்கே?" என்று கேட்டார். டிகாஷன் கறுப்பாகத்தான் இருந்தது. மணம் மட்டும் இல்லை. எதிலுமே இல்லை.

மணம் அறிகிற நரம்பு அறுந்துபோயிருக்கிறது, திரும்ப வந்தால் உண்டு என்றார் டாக்டர். வரவில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு ஆகியவை நாக்கோடு நின்றுவிட்டன. குழம்பும் கஞ்சியும் ஒன்றாகிவிட்டன. குளித்துவிட்டு வந்த மகளின் தலையில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார். ஈரம் மட்டும் பட்டது. எதையும் சிரித்தே சமாளிக்கிற மனிதர் அன்றைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்புறம் சாப்பாட்டில் குறை சொல்வதையும் விட்டுவிட்டார். வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்து போனார். குறை சொல்லாத புருஷனை எந்த மனைவியும் மெச்சிக்கொள்வாள். இவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் ரொட்டி அடுக்கிக் கொடுக்கிற வேலை. ஒருநாள் அங்கே மிஞ்சிய ரொட்டியை எடுத்து வந்தாள். நடுவில் யாரோ கடுகை அரைத்துத் தடவியிருந்தார்கள். இவர் வழக்கம்போல மாடு அசைபோடுவது மாதிரி மென்றுகொண்டிருந்தார். திடீரென்று மேஜையில் ஓங்கி அடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முகம் சிவந்தது. "ஏறுது! ஏய், ஏறுதுடி!" என்று கத்தினார்.

மாரடைப்பு என்று நினைத்தாள் அவள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் மூக்கைச் சுட்டிக் காட்டிச் சிரித்த பிறகுதான் புரிந்தது. கடுகின் நெடி உள்ளே ஏறி உச்சி மண்டை வரை போயிருந்தது. மணம் போகிற பாதை வேறு, இந்தச் சுள்ளென்ற நெடி போகிற பாதை வேறு, அது அறுபடவில்லை என்று பிறகு டாக்டர் விளக்கினார். அன்றைக்கு அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் பச்சை மூடி போட்ட ஒரு கண்ணாடி பாட்டில் நிரந்தரமாகக் குடியேறியது. கடையில் விற்கிற கடுகு சாஸ் சாதுவானது, அது இவர் மூக்கின் வாசலைக்கூட எட்டாது. அதனால் அவளே செய்தாள். அடுப்பு வேண்டாம், தாளிப்பு வேண்டாம். கடுகை மிக்சியில் நைசாகப் பொடித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டுவாள். ஃப்ரிட்ஜில் இருந்த குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் குழைப்பாள். வினிகரில் ஊறிய வெள்ளரி ஊறுகாய் பாட்டிலிலிருந்து கொஞ்சம் புளிப்புத் தண்ணீரை அதில் சேர்ப்பாள். வெள்ளரித் துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு, உப்பு, துளி சர்க்கரை, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கலந்தால் முடிந்தது. அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி என்று எல்லாவற்றிலும் அவருக்கு அது விழும். வாயில் வெள்ளரி நறுக்கென்று கடிபடும், மூக்கில் கடுகு ஏறும். உலகத்தில் அவர் மூக்குக்கு எட்டுகிற ஒரே சேதி அதுதான்.

செய்கிறபோதெல்லாம் ஒரு வேலைக்கு மட்டும் அவரைக் கூப்பிடுவாள். கடுகில் தண்ணீரை ஊற்றிக் குழைத்ததும், "ஏங்க, இந்த ஊறுகாய் பாட்டில் மூடியக் கொஞ்சம் திறந்து குடுங்க" என்று குரல் வரும். "வரேன், வரேன்" என்று இவர் செய்தியை முழுக்கப் பார்த்துவிட்டு, சோம்பல் முறித்துவிட்டு, ஆடி அசைந்து போய்த் திறந்து கொடுப்பார். ஒரே ஒரு தடவை, என்ன தோன்றியதோ, கூப்பிட்ட குரலுக்கே எழுந்து போய் நின்றார்.

"என்ன அவசரம் உங்களுக்கு? போய் உக்காருங்க. அப்பறமா வாங்க" என்று துரத்திவிட்டாள்.

"வரலைன்னாலும் திட்டு, வந்தாலும் திட்டு. உங்கம்மாவ யாரு புரிஞ்சுக்கறது பாப்பா?" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார். கல்யாணமாகிப் போன பிறகும் மகள் அவருக்குப் பாப்பாதான்.

அந்த மனைவி ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. கேன்டீன் ஆட்கள் ஏப்ரனோடு ஓடி வந்தார்கள். பிரயோஜனம் இல்லை. முந்தின நாள்தான் பாட்டில் நிறைய சாஸ் செய்து வைத்திருந்தாள்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தவர், பச்சை மூடியைப் பார்த்ததும் திறந்தபடியே நின்றுவிட்டார். அவள் துணிகள் அலமாரியில் இருந்தன. மற்றவர்கள் அந்தப் புடவைகளை முகத்தில் வைத்து அழுவார்கள். இவருக்கு அதற்கும் வழியில்லை. முகர்ந்தால் துணிதான், அவள் இல்லை. அவள் மிச்சம் வைத்துப் போனதில் அவருக்கு எட்டக்கூடியது அந்த பாட்டில் மட்டும்தான்.

கஞ்சன் காசைச் செலவழிப்பது மாதிரி அதைச் செலவழித்தார். கரண்டி நுனியில் தொட்டு ரொட்டியின் ஒரு மூலையில் தடவி, அந்த மூலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். மூக்கில் ஏறும். கண் கலங்கும். "அவ இருக்கா" என்று நினைத்துக்கொள்வார். நாளாக ஆக ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. பாட்டிலில் பாதி அப்படியே நின்றது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அப்படியிருக்க, ஒருநாள் ஏறவில்லை.

இன்னொரு கரண்டி எடுத்தார். உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது. மூக்கில் ஒன்றும் இல்லை. கிண்ணத்தில் போட்டு அள்ளித் தின்று பார்த்தார். சுவரைத் தின்ற மாதிரி இருந்தது. அறுபடாமல் மிஞ்சியிருந்த அந்த ஒரு நரம்பும் போய்விட்டதா? போய்விட்டால் மீதி பாட்டில் எதற்கு?

புதிதாக ஒன்று செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. புதுக் கடுகு ஏறினால் மூக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவள் செய்யும்போது எவ்வளவோ பார்த்திருக்கிறார். தன் வழக்கப்படி எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக அடுக்கினார். கடுகைப் பொடித்தார். வெள்ளரியை முன்கூட்டியே நறுக்கி வைத்தார். ஊறுகாய் மூடியை முன்கூட்டியே திறந்து வைத்தார். பிறகு தண்ணீர், புளிப்புத் தண்ணீர், உப்பு, எண்ணெய் என்று மளமளவென்று எல்லாவற்றையும் ஊற்றிக் கலக்கினார். நடுவில் ஒரு விநாடிகூட வீணாகவில்லை. லிஃப்ட் வேலையாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

வாயில் வைத்தார். கசந்தது. ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வாராவாரம் வருவாள். பையைக்கூடக் கீழே வைக்க விடாமல், அம்மாவின் பாட்டிலையும் ஒரு கரண்டியையும் அவள் கையில் கொடுத்தார்.

"பாப்பா, சாப்பிட்டுப் பாரு. ஏறுதான்னு சொல்லு."

அவள் ஒரு வாய் எடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மெல்ல விழுங்கினாள். உடனே ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா! அப்படியே அம்மா கைதான். சுள்ளுன்னு ஏறுது."

அவர் தலையை ஆட்டினார். அவள் சொன்னதை நம்பினார். கண்ணீரைப் பார்த்த பிறகு நம்பாமல் எப்படி? சாஸில் குறையில்லை. அப்படியென்றால் குறை தன்னிடம்தான். தீர்ந்தது என்று நினைத்தார். மனைவி போன அன்று அழாத மனிதர் இன்றைக்கும் அழவில்லை. பாட்டிலை நன்றாக மூடி, ஒரு பையில் போட்டு மகளிடம் நீட்டினார்.

"நீயே எடுத்துட்டுப் போ."

"எனக்கு எதுக்குப்பா? உங்களுக்குன்னு அம்மா செஞ்சது."

"எனக்கு இனிமே பிரயோஜனம் இல்லம்மா. ஏறுறவங்க சாப்பிடட்டும்."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பையை வாங்கிக்கொண்டாள். அவள் படியிறங்கிப் போவதைப் பார்த்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியைக் கொண்டுபோன நேரத்தைவிட அவருக்கு அதிகமாக வலித்தது. அன்றைக்கு நாலு பேர் கூட இருந்தார்கள். இன்றைக்குத் தானே கொடுத்து, தானே கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் மனிதர் சாப்பிடுவதை ஒரு வேலையாகத்தான் செய்தார். கன்னம் ஒட்டிப்போனது. போனில் மகள் கேட்டால் "நல்லா சாப்பிடறேன்" என்பார். இவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா சாஸ் இருக்கா?" "இருக்குப்பா, தினமும் சாப்பிடறோம்" என்று அவள் சொல்வாள். கொஞ்ச நாளில் இவருக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. தினமும் தின்றால் பாட்டில் தாங்குமா? தீர்ந்துபோனால் பாப்பா என்ன செய்வாள்? தனக்குத்தான் ஏறாது. பாப்பாவுக்காகச் செய்து கொடுத்தால் என்ன? நன்றாக வந்திருக்கிறதா என்று தனக்குத் தெரியப்போவதில்லை. அதனால் என்ன, அவள் சொல்லிவிட்டுப் போகிறாள். மறுபடியும் கடுகை வாங்கி வந்தார்.

எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். பொடித்தார். தண்ணீரை ஊற்றிக் குழைத்தார். புளிப்புத் தண்ணீருக்குக் கையை நீட்டின நேரத்தில் கதவு இடிபட்டது. கீழ்வீட்டுக்காரர் மூச்சிரைக்க நின்றார்.

"சார், டெய்லர் அக்கா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. கத்தறாங்க. நீங்க கொஞ்சம் வாங்க."

போட்டது போட்டபடி போனார். டெய்லர் அக்காவுக்கு இருட்டென்றால் பயம், உள்ளே அழுதுகொண்டிருந்தாள். இடுக்கில் வாயை வைத்து, "ஒண்ணும் ஆகாதும்மா, நான்தான் வந்துட்டேன்ல. போன வாரம் குடுத்த என் சட்டைக்கு இன்னும் பட்டன் வைக்கல, அதுக்காகவாவது உங்கள வெளிய எடுத்துத்தானே ஆகணும்" என்றார். உள்ளே அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு கேட்டது. கதவைத் திறந்து அவளைக் கைபிடித்து இறக்கி, தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு மெதுவாகப் படியேறி வந்தார்.

சமையலறையில் கிண்ணம் அப்படியே இருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். புளிப்புத் தண்ணீரை ஊற்றினார். வெள்ளரியைப் போட்டார். கலக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

சுளீரென்று ஏறியது.

மேஜையைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இன்னொரு தடவை தொட்டு வைத்தார். உச்சி மண்டை வரை ஏறியது. மூக்கு போகவில்லை. முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்லவேண்டியதில்லை, குழந்தை மாதிரி துள்ளினார். அதே கடுகு, அதே தண்ணீர், அதே ஊறுகாய். போன தடவை ஏறவில்லை, இந்தத் தடவை ஏறுகிறது. என்ன வித்தியாசம்? ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் ஊற்றின கடுகு இந்த முறை புளிப்பு சேரும் முன்பு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கேன்டீனில் ஆள் உயரப் பாத்திரத்தைத் தனியாக இறக்கி வைக்கிற பொம்பளைக்கு ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கத் தெரியாதா? தண்ணீர் ஊற்றியதும் கூப்பிடுவாள். இவர் "வரேன், வரேன்" என்று இழுத்தடிக்கிற நேரத்தில் கடுகுக்குக் கோபம் ஏறிக்கொண்டிருக்கும். இவர் வந்து மூடி திறந்தால் நேரம் சரியாக இருக்கும். உடனே எழுந்து போன அன்றைக்கு ஏன் துரத்தினாள் என்பது இத்தனை காலம் கழித்து விளங்கியது. இவரது சோம்பேறித்தனத்தை அவள் திருத்தவில்லை. அதையும் ஓர் அளவாக எடுத்து சாஸில் சேர்த்துவிட்டாள்.

அடி கள்ளி என்று வாய்விட்டே சொன்னார். சொன்ன கையோடு இன்னொன்றும் புரிந்தது. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றால், அன்றைக்கு ஏறாமல் போனது அவள் பாட்டில்தான். தொட்டுத் தொட்டுச் சேமித்த சாமர்த்தியத்தில் நாள்பட்டு, வீரியம் போய், அது ஃப்ரிட்ஜுக்குள்ளேயே செத்துவிட்டிருந்தது. ஆசை தீர அள்ளித் தின்றிருந்தால் கடைசித் துளி வரை அவள் ஏறியிருப்பாள். சேர்த்து வைத்தே தொலைத்துவிட்டார். பாப்பாவின் கண்ணில் வந்த தண்ணீர் கடுகால் வந்ததில்லை.

தரையில் உட்கார்ந்தார். அடுப்புக்குப் பக்கத்தில், முன்பு அவள் உட்கார்ந்து அழுத இடத்தில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தட்டில் அவித்த உருளைக்கிழங்கு வைத்து, மேலே தாராளமாகச் சாஸை ஊற்றிக் கொடுத்தார்.

"நான் செஞ்சது. சாப்பிட்டுப் பாரு."

என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்ட முகத்தோடு அவள் ஒரு வாய் எடுத்தாள். அடுத்த விநாடி மூச்சு நின்றது. இருமினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீராக வழிந்தது.

"அம்மா கை அப்படியே இருக்கா?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதே தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். அவர் கண்ணிலும் நீர் கட்டியது.

"அப்பா... உங்களுக்கு ஏறுதா?"

"ஏறுது பாப்பா."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அன்னிக்கு அந்த பாட்டில்ல ஒண்ணுமே இல்லப்பா. செத்துப்போயிருந்துச்சு. எப்படிப்பா அத நான் உங்ககிட்ட சொல்லுவேன்? உங்க மூக்கு போச்சுன்னு நீங்க நெனைப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. அப்பறம் தோணுனப்ப, சொல்ல வாய் வரல."

"தெரியும்மா. விடு."

"நாங்க யாரும் அதத் தொடல. ஃப்ரிட்ஜ்ல அப்படியே இருக்கு."

அவர் இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

"கழுவி எடுத்துட்டு வந்துடு" என்றார். "புதுசு போட்டு வைக்க பாட்டில் வேணும்."

"கழுவவாப்பா?"

"கழுவும்மா."

அடுத்த வாரம் பாட்டில் வந்தது. மகள் தேய்த்துக் கழுவி, துடைத்து, பச்சை மூடியைத் தனியாகத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். அவள் புறப்பட்டுப் போன பிறகு கடுகைப் பொடித்தார். குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் குழைத்தார். ஊறுகாய் பாட்டில் மேஜையில் திறக்காமல் இருந்தது. அதைத் தொடாமல், கூடத்துக்குப் போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து குரல் எதுவும் வரவில்லை. கடுகுக்கு நேரமாகிவிட்டது என்று தோன்றியபோது, "வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போனார்.